மருந்தைக் கூட்ட வேண்டாம், தீனியைப் பழக்குங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் சம்பா போட்டிருக்கிறேன். நட்டு ஒரு மாதம் ஆகிறது. வரப்பெல்லாம் எலி வளை. கடைக்காரர் சொன்னபடி ஜிங்க் பாஸ்பைடை எண்ணெய் விட்டுப் பொரியில் கலந்து வைத்தேன். முதல் ராத்திரி கொஞ்சம் தின்றது; ஏழெட்டு எலி செத்துக் கிடந்தது. நாலு நாள் கழித்து மறுபடி வைத்தால் பொரி வைத்தபடியே இருக்கிறது. கருவாட்டில் கலந்து வைத்தேன், அதையும் தொடவில்லை. செத்ததைப் பார்த்து மற்ற எலிகள் உஷாராகிவிட்டன என்கிறார் பக்கத்து வயல்காரர். மருந்தை இரண்டு மடங்காக்கலாமா? இன்னொன்று: புதிதாக வாங்கிய குச்சித் தீவனத்தில் குடற்புழு மருந்தைக் கலந்து மாட்டுக்குக் கொடுத்தேன். அன்று லேசாகக் கழிந்தது. அதிலிருந்து அந்தத் தீவனத்தில் வாயே வைக்கவில்லை. இதற்கும் வழி சொல்லுங்கள், ஐயா.

பதில்: மருந்தைக் கூட்டாதீர்கள். உங்கள் மருந்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை; ஏழெட்டு எலி செத்திருக்கிறதே. வயல் எலி பொரியை வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்த ராத்திரியே அதில் மருந்தும் இருந்தது. தவறு அங்கே நடந்தது. கருவாட்டிலும் அதையேதான் திரும்பச் செய்தீர்கள்.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதை வெளியே தள்ள வழியில்லாத பிராணி, வாயில் வைக்கும்போதே எச்சரிக்கையாக இருக்கிறது. புதிய பண்டம் எதுவானாலும் முதலில் கொறித்துப் பார்க்கும். பிறகு வயிறு கலங்கினால், சற்று முன் தின்ற புதுச் சுவைமேல் பழியைப் போட்டு அதை ஒதுக்கிவிடும். 1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் உடன் பணியாற்றியவர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடிக்கக் கொடுத்து, அந்த நேரத்திலேயே காமா கதிரைப் பாய்ச்சினார்கள். கதிரால் உடம்பு கெட்ட எலிகள் அதற்குப் பிறகு இனிப்பு நீரை ஒதுக்கின. சுவைக்கும் சுகக்கேட்டுக்கும் இடையில் பல மணி நேரம் ஆனாலும் எலி முடிச்சுப் போட்டுவிடும் என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. 12 மணி நேர இடைவெளியிலும்கூட இது நடந்திருக்கிறது. கார்சியாவின் 1966ஆம் ஆண்டுச் சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. வயிற்றுக் கோளாறுக்கு எலி சுவையைத்தான் குற்றம் சொல்கிறது; அப்போது கண்ணில் பட்ட வெளிச்சத்தையோ காதில் விழுந்த சத்தத்தையோ சொல்வதில்லை. ஆகவே மருந்து வைத்த வளை கெட்டுப்போய்விட்டது, இடத்தை மாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதே வளையில் வேறு சுவையை வைக்கலாம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரே வேளையில் எலி இரண்டு பண்டம் தின்றிருந்தால் எதன்மேல் பழி விழும்? 1967இல் ரெவுஸ்கியும் பெடார்ஃபும் இதைச் சோதித்தார்கள். பழகிய உணவு ஒன்று, புதியது ஒன்று, இரண்டையும் தின்ற எலிகளுக்குக் கதிர் பாய்ச்சினார்கள். எலிகள் பின்னர் ஒதுக்கியது புதியதை. தின்று தின்று ஒன்றும் ஆகாத உணவுக்கு நல்ல பெயர் இருக்கிறது; ஒரு நாள் வயிற்று வலியால் அந்தப் பெயர் எளிதில் போவதில்லை.

அந்தப் பெயர் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதைக் கலாட்டும் ரோசினும் 1973இல் காட்டினார்கள். புதிய திரவத்தைக் குடித்த அரை மணியில் சுகக்கேடு வரவழைத்தால் எலிக்கு வெறுப்பு பலமாக வந்தது. நான்கு மணி நேரம் கழித்து வரவழைத்தால் குறைவாக வந்தது. மூன்றாவது கூட்டம் நான்கு மணி முன்பு ஒரு முறை, அரை மணி முன்பு மறுபடி ஒரு முறை என இரண்டு தடவை குடித்தது. கடைசியாகக் குடித்து அரை மணிதான் ஆகிறது, வெறுப்பு பலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான்கு மணிக் கூட்டம் அளவுக்குத்தான் இருந்தது. முதல் தடவை குடித்து ஒன்றும் ஆகாமல் கழிந்த சில மணி நேரமே பாதிப் பாதுகாப்பு தந்துவிட்டது. ஒரு வேளைப் பழக்கத்துக்கே இந்தப் பலன் என்றால், மூன்று ராத்திரி வெறும் தீனி வைப்பது ஏன் செலவு இல்லை, சிக்கனம் என்பது புரியும்.

டெல்டா வயல் எலிக்கு, குறிப்பாக வரப்பைக் குடைகிற கரம்பை எலிக்கு, நெல்லும் அரிசியும் பிறந்ததிலிருந்து தெரியும். தாய்ப்பாலிலேயே தாய் தின்ற உணவின் வாசனை குட்டிக்குப் பழகிவிடுகிறது. பொரியும் கருவாடும் அதற்கு அந்நியம். வாசனைக்கு எலி வரும் என்பது உண்மை. வந்தாலும், பழக்காமல் வைத்தால் கொறித்துவிட்டுத்தான் போகும்.

கொறிப்பதில் என்ன ஆபத்து என்று கணக்குப் போடலாம். நார்வே எலி என்ற இனத்தில் ஜிங்க் பாஸ்பைடு பாதி எலிகளைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம். அதே கணக்கில் 250 கிராம் எலிக்கு 10 மில்லிகிராம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு கலந்த தீனியில் அது ஏறத்தாழ அரை கிராம், ஒரு சிட்டிகைதான். ஆனால் அந்த அளவில் சாவது பாதி எலிதான். உறுதியாகச் சாக ஒன்றரை, இரண்டு கிராமாவது உள்ளே போக வேண்டும். ஒரு ராத்திரியில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தின்கிற பிராணிக்கு இரண்டு கிராம் ஒரு பொருட்டே இல்லை, பழகிய தீனியாக இருந்தால். புதுப் பண்டம் என்றால் கால் கிராமோடு நிறுத்தும். ஜிங்க் பாஸ்பைடோ வேகமாக வேலை செய்கிற மருந்து. வயிற்று அமிலம் பட்டவுடன் பாஸ்பீன் வாயு கிளம்பி, சில எலிகளுக்குக் கால் மணி நேரத்திலேயே உடம்பு கலங்கத் தொடங்கும். சாகிற அளவு தின்பதற்குள் கோளாறு தெரிந்துவிடுகிறது, எலி நிறுத்திவிடுகிறது, பிழைத்துவிடுகிறது, கற்றுக்கொண்டுவிடுகிறது. நீங்கள் பார்த்தது செத்த ஏழெட்டை. பிழைத்ததுதான் இப்போது பொரியைத் தாண்டிப் போகிறது.

மருந்தை இரட்டிப்பாக்கினால் நெடியும் கசப்பும் கூடும், கோளாறும் இன்னும் முன்னதாகத் தெரியும். அரைகுறையாகத் தின்று தப்பிக்கிற எலிதான் பெருகும்.

பக்கத்து வயல்காரர் சொல்வது நம்மூரில் எல்லோரும் சொல்வது. செத்த எலியைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்கின்றனவா என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலெஃப் குழு தேடிப் பார்த்தது. அப்படி ஒன்றும் அகப்படவில்லை. ஓர் எலி இன்னோர் எலியின் மூச்சில் உணவு வாசனையை மோந்தால், அந்த உணவை விரும்பித் தின்கிறது. மூச்சு விட்ட எலி நோயாளியாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே உங்கள் வயலில் ஒதுக்குகிற ஒவ்வொரு எலியும் தானே தின்று, தானே பட்டது. மருந்துத் தீனியை அறியாத குட்டிகளும், பக்கத்து வயலிலிருந்து வந்தவையும் இன்னும் அப்பாவிகள். இதே மூச்சு வாசனை வெறும் தீனி வைக்கும்போது நமக்கு உதவுகிறது: முதல் ராத்திரி துணிந்து தின்ற ஓர் எலி, வளைக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் தீனியை அறிமுகம் செய்துவிடுகிறது.

இப்போது எலி எதை வெறுக்கிறது என்று பார்க்க வேண்டும்: பொரியையா, மருந்தின் நெடியையா? ஜிங்க் பாஸ்பைடுக்குப் பூண்டு போன்ற ஒரு நெடி உண்டு. பொரி புதியது, நெடியும் புதியது. பழி எதன்மேலும் விழுந்திருக்கலாம், இரண்டின்மேலும் விழுந்திருக்கலாம். கருவாட்டை முதல் தடவையே தொடவில்லை என்கிறீர்கள், அது நெடியின் பக்கம் கை காட்டுகிறது. சோதித்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு மாலையில் எல்லா வளைகளையும் மண் வைத்து அடையுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவைதான் எலி குடியிருக்கும் வளைகள். கரம்பை எலி தானே மண்ணால் வாயை அடைத்துக்கொள்ளும், அதன் வாசலில் புது மண் குவிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் இருபதைத் தேர்ந்து, அன்று மாலை பத்தில் எண்ணெய் பிசறிய வெறும் பொரியும், பத்தில் எண்ணெய் பிசறிய வெறும் நொய்யும், வளைக்கு 20 கிராம் வீதம் வையுங்கள். எதிலும் மருந்து கூடாது.

நொய் போய்ப் பொரி நின்றால் வெறுப்பு பொரிமேல். இரண்டும் போயிருந்தால் வெறுப்பு நெடிமேல். எந்தத் தானியத்தில் கலந்தாலும் ஜிங்க் பாஸ்பைடு இந்தப் பருவத்தில் இனி எடுபடாது. இரண்டுமே நின்றால் அவசரப்படாமல் இன்னும் இரண்டு ராத்திரி விட்டுப் பாருங்கள், எண்ணெய் காறியிருக்கிறதா என்றும் மோந்து பாருங்கள்.

எந்த விடை வந்தாலும் இந்தப் பட்டத்துக்கு ஜிங்க் பாஸ்பைடை மூடி வைத்துவிட்டு, நொய்யில் புரோமோடயலான் வையுங்கள். இது ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து. தின்ற எலிக்குக் கோளாறு தெரியவே சில நாள் ஆகும். மணிக்கணக்கில் முடிச்சுப் போடத் தெரிந்த எலிக்கு நாள்கணக்கில் போடத் தெரியாது, அதனால் தீனிமேல் சந்தேகம் வருவதில்லை. 0.25 சதத் தூள் 2 பங்கு, எண்ணெய் 2 பங்கு, நொய் 96 பங்கு. குடியிருக்கும் வளை அறுபது இருந்தால் வளைக்கு 15 கிராம் வீதம் 900 கிராம் வேண்டும்: நொய் 864 கிராம், எண்ணெய் 18 கிராம், தூள் 18 கிராம். ஏற்கெனவே சூடு கண்ட எலிகள் என்பதால், அதற்கு முன் இரண்டு ராத்திரி அதே நொய்யையும் அதே எண்ணெயையும் வெறுமனே வைத்துவிடுங்கள். மூன்று நாள் வரை ஒரு செத்த எலிகூடத் தென்படாமல் போகலாம், அது தோல்வி இல்லை. ஒரு வாரம் பத்து நாள் கழித்து வளைகளை மறுபடி அடைத்துப் பார்த்து, திறந்தவற்றில் மட்டும் இன்னொரு முறை வையுங்கள்.

இதைத் தூர் கட்டும் பருவத்துக்குள் முடிக்க வேண்டும். பொதி கட்டிவிட்டால் வயலே விருந்து வைக்கும்போது நம் நொய்யை யார் சீந்துவார்? அதன் பிறகு தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப் பொறியும், ஆந்தை உட்காரப் பறவை தாங்கியும்தான் துணை. கிட்டியில் வெறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அகப்பட்டது திரும்பிப் போய்க் கற்பதில்லை.

ஜிங்க் பாஸ்பைடை அடுத்த கோடையில், வயல் தரிசாகக் கிடந்து எலிக்குத் தீனி குறைந்திருக்கும்போது, அக்கம்பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். அப்போது முறையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலை வளை அடைப்பு. இரண்டாம் நாள் திறந்தவற்றை எண்ணி, குச்சி நட்டு அடையாளம் வைத்து, வளைக்கு 20 கிராம் வெறும் தீனி. நொய் 98 பங்கு, எண்ணெய் 2 பங்கு. மருந்துத் தீனியைக் காகிதப் பொட்டலமாகப் போடப் போகிறீர்கள் என்றால் வெறும் தீனியையும் அதே காகிதத்தில், அதே அளவுப் பொட்டலமாகப் போட வேண்டும். கடலை எண்ணெயில் பழக்கிவிட்டு மருந்தைத் தேங்காயெண்ணெயில் கலந்தால், பழக்கியது பாதி வீண். எலிக்கு அது வேறு பண்டம். நான்காம் நாள் பாருங்கள். பத்து வளைக்கு எட்டு, ஒன்பதிலாவது தீனி காலியாகியிருக்க வேண்டும். பாதிதான் காலி என்றால் மறுபடி வெறும் தீனியே வைத்து இரண்டு நாள் பொறுங்கள். இந்த இடத்தில் பொறுமை இழப்பவர்கள்தான் பிறகு மருந்துக் கடையில் சண்டை போடுகிறார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் மாலை, மிஞ்சிக் கிடக்கும் வெறும் தீனியை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, மருந்துத் தீனி வளைக்கு 10 கிராம் உள்ளே தள்ளி வையுங்கள். பழைய தீனி கிடந்தால் எலி அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு மருந்தைக் கொறிக்க மட்டும் செய்யும்.

அறுபது வளைக்கு 600 கிராம்: நொய் 576 கிராம், எண்ணெய் 12 கிராம், ஜிங்க் பாஸ்பைடு 12 கிராம். தராசில் நிறுக்கவும், கரண்டிக் கணக்கு வேண்டாம். முதலில் நொய்யில் எண்ணெயைப் பிசறி, ஒவ்வொரு பருக்கையும் பளபளத்த பிறகு தூளைத் தூவிக் குச்சியால் கிளறுங்கள். எண்ணெய் சரியாகப் பிடிக்காவிட்டால் தூள் அடியில் தங்கும். மேலாக எடுத்த பொட்டலத்தில் மருந்து குறைவு, அதைத் தின்ற எலி பிழைத்துப் பாடம் படிக்கும். தண்ணீர், கஞ்சி, புளி எதுவும் சேரக் கூடாது. ஈரமும் புளிப்பும் பட்டால் பாஸ்பீன் வாயு கலக்கும்போதே வெளியேறும்: மருந்துக்கு வீரியம் போகும், உங்களுக்கு ஆபத்து வரும். திறந்த வெளியில், கையுறை போட்டு, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கலக்குங்கள். மழை வரும் போலிருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மறுநாள் விடியுமுன் செத்த எலிகளையும் மிஞ்சிய பொட்டலங்களையும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். ஆந்தை, நாய், கோழி எதற்கும் அது போய்ச் சேரக் கூடாது. புரோமோடயலானுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது. ஜிங்க் பாஸ்பைடுக்குத் தனி மாற்று மருந்து கிடையாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

சிலர் வெறும் தீனியிலேயே பூண்டு நசுக்கிப் போட்டு எலியை அந்த நெடிக்கும் பழக்கலாமே என்று கேட்பதுண்டு. நம் மூக்குக்குத்தான் இரண்டும் ஒன்று; வேதிப்பொருள் வேறு, எலியின் மூக்கு நம்முடையதைவிடக் கூர்மையானது. அந்த வேலை வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. முன்பழக்கம் வெறுப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நன்றாகப் பழகிய நொய்யைத் தின்றும் கடுமையாக அவதிப்பட்டுப் பிழைத்த எலி, அந்த நொய்யையும் சந்தேகிக்கத் தொடங்கும். அதனால்தான் ஜிங்க் பாஸ்பைடை ஒரு பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறோம். எஞ்சிய வளைகளுக்குப் புரோமோடயலான்.

உங்கள் மாட்டின் கதையும் இதே கதைதான், மறுபக்கமாக. குச்சித் தீவனம் புதியது. வயிறு கெட்ட அன்று தின்ற புதுச் சுவை அது ஒன்றே. வருடக்கணக்காகத் தின்கிற தவிட்டில் கலந்து கொடுத்திருந்தால் தவிட்டின்மேல் இவ்வளவு பழி வந்திருக்காது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகனில் உள்ள நச்சுத் தாவர ஆய்வகம் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியது. மேய்ச்சல் மாடுகளைக் கொல்லும் லார்க்ஸ்பர் செடியைத் தின்னக் கொடுத்து, உடனே வயிற்றைக் கலக்கும் உப்பான லித்தியம் குளோரைடை இரைப்பைக்குள் செலுத்தி, அந்தச் செடியை வெறுக்கச் செய்தார்கள். செடி புதிதாக இருந்த மாடுகளில் நன்றாகப் பலித்தது. முன்பே தின்று பழகியவற்றை மாற்றுவது கடினம். வெறுப்பு வந்த மாட்டை, அந்தச் செடியைத் தின்கிற மாடுகளோடு மேய விட்டால், கூட்டத்தைப் பார்த்து மெல்லத் தொடங்கிவிடும்.

அந்தக் கடைசிச் செய்தி உங்களுக்கு உதவும். குச்சித் தீவனத்தை இரண்டு வாரம் கண்ணில் காட்டாதீர்கள். பிறகு பழைய தவிடு, புண்ணாக்கோடு ஒரு கைப்பிடி, 50 கிராம் போலப் பொடித்துக் கலந்து வையுங்கள். அந்தத் தீவனத்தை விரும்பித் தின்கிற வேறு மாடோ கன்றோ இருந்தால் பக்கத்தில் கட்டித் தின்ன விடுங்கள். மிச்சம் வைக்காமல் தின்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவைக் கூட்டலாம். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்க வேண்டாம், பால்தான் குறையும். அடுத்த தடவை குடற்புழு மருந்தைத் தீவனத்தில் கலக்காமல் நேராக வாயில் ஊற்றுங்கள். தலையை அண்ணாக்கத் தூக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால், மாடு ஒதுக்கினாலும் உங்களுக்கு நட்டமில்லாத ஏதாவது ஒரு பண்டத்தில் கலந்து கொடுங்கள். புதுத் தீவனம் தொடங்கிய வாரத்தில் மருந்து, தடுப்பூசி எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் அந்த ஒரு தீவனத்தை மட்டும் ஒதுக்கும் மாட்டுக்கு. தவிட்டையும் வைக்கோலையும் சேர்த்தே ஒதுக்கி, அசைபோடுவதும் நின்றிருந்தால் அது வேறு நோய்; அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.